அறிவியல் கேள்வி–பதில்: செஸ்நட் மரமும் புதைக்கும் வண்டும்

சென்ற இதழில், வட அமெரிக்காவில் அருகிப்போன இரண்டு உயிரினங்களை அடுத்தடுத்த பக்கங்களில் அறிமுகப்படுத்தியிருந்தோம். ஒன்று, அப்பலேச்சிய மலைத்தொடர் நெடுகிலும் காடாக நின்று, அயல்நாட்டுப் பூஞ்சை ஒன்றால் வீழ்ந்த அமெரிக்கச் செஸ்நட் மரம். மற்றொன்று, செத்துக் கிடக்கும் சிறு பறவைகளையும் எலிகளையும் மண்ணுக்குள் புதைத்து, அந்த இறைச்சியை ஊட்டித் தன் புழுக்களை வளர்க்கும் அமெரிக்கப் புதைக்கும் வண்டு. இரண்டையும் ஒப்பிட்டு வாசகர்கள் கேட்ட கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதிலளிக்கிறேன்.

மரம், வண்டு இரண்டுமே அழிவின் விளிம்பில் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். ஆனால் செஸ்நட் இன்னும் கோடிக்கணக்கில் உயிரோடிருப்பதாகவும் அதே பக்கத்தில் இருந்தது. கோடிக்கணக்கில் இருக்கும் ஒன்று எப்படி அருகிய இனமாகும்? இரண்டில் எதற்கு ஆபத்து அதிகம்?
– கல்லூரி மாணவி, கும்பகோணம்

உங்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. தலைக்கணக்கை மட்டும் வைத்து ஓர் இனத்தின் நிலையை அளந்துவிட முடியாது என்பதற்கு இந்த இரண்டையும் விடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக் காடுகளில் முந்நூறு முதல் நானூறு கோடி செஸ்நட் மரங்கள் நின்றன என்று மதிப்பிடப்படுகிறது. இன்று அதே நிலப்பரப்பில் நாற்பது கோடிக்கும் மேற்பட்ட செஸ்நட் தண்டுகள் உயிரோடு இருக்கின்றன. ஆனால் அவற்றில் மிகப் பெரும்பாலானவை இரண்டரை சென்டிமீட்டர் பருமனைக்கூட எட்டாத துளிர்கள்; பூஞ்சையால் செத்த பழைய மரங்களின் வேரடியிலிருந்து கிளம்புகின்றவை. ஒரு துளிர் சில ஆண்டுகள் வளர்கிறது, பட்டை சற்றுத் தடித்துப் பிளவு விடத் தொடங்கியதும் பூஞ்சை பற்றுகிறது, தண்டு செத்துப்போகிறது, வேர் மறுபடியும் துளிர்க்கிறது. பூத்துக் காய்க்கும் பருவத்தை எட்டுவது மிகச் சிலவே. அப்படி எட்டினாலும், செஸ்நட் தன் மகரந்தத்தால் தானே கருவுறாத மரம் என்பதால், பக்கத்தில் பூத்த இன்னொரு மரம் இல்லாவிட்டால் அதன் காய்களுக்குள் பருப்பு இருக்காது. ஆகவே நாற்பது கோடி என்ற கணக்கு புதிய தலைமுறையைக் குறிக்கவில்லை. நூறாண்டுக்கு முன் வீழ்ந்த தலைமுறையின் வேர்கள் இன்னும் சாகவில்லை என்பதையே அது குறிக்கிறது. இதனால்தான் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இம்மரத்தை மிகவும் அழிவுக்குள்ளான இனம் என்று வகைப்படுத்தியிருக்கிறது. அறிவியலாளர்களில் பலர் செயலளவில் அற்றுப்போன இனம் என்றும் சொல்கின்றனர்.

வண்டின் நிலை வேறு. அதற்கு ஆயுள் ஏறத்தாழ ஓராண்டு. கோடையின் பிற்பகுதியில் மண்ணிலிருந்து வெளிவரும் வண்டு, குளிர்காலத்தை மண்ணுக்குள் கழித்து, அடுத்த கோடையில் இனப்பெருக்கம் செய்துவிட்டு இறந்துபோகிறது. நூறாண்டு காத்திருக்கும் வேர் என்று எதுவும் அதற்குக் கிடையாது. ஒவ்வொரு கோடையிலும் இனம் முழுவதும் புதிதாகப் பிறந்தாக வேண்டும். ஓரிடத்தில் தொடர்ந்து இரண்டு கோடைகள் பொய்த்தால் அங்கே வண்டு இருந்ததற்கான தடயமே மிஞ்சாது. எனினும், நெப்ராஸ்கா மாநிலத்தின் புல்வெளிகளைப் போல அது இன்றும் வாழும் இடங்களில், அதன் வாழ்க்கை எந்தக் குறையுமின்றி நடக்கிறது. வண்டுகள் இணைகின்றன, புதைக்கின்றன, புழுக்களை வளர்க்கின்றன, அடுத்த ஆண்டு பெருகுகின்றன.

மரம் ஏறத்தாழ எல்லா இடங்களிலும் இருந்தும் எங்கும் முழுமையாக இல்லை. வண்டு சில இடங்களில் மட்டும் இருந்தாலும் அங்கெல்லாம் முழுமையாக இருக்கிறது. நாளைக்கே கண்ணுக்கு மறையும் ஆபத்து வண்டுக்குத்தான் அதிகம். இழந்த நிலைக்குத் திரும்புவது கடினம் என்று பார்த்தால் மரமே மிகவும் பின்தங்கி நிற்கிறது.

தண்டைக் கொல்லும் பூஞ்சை வேரை ஏன் விட்டுவைக்கிறது? வனத்துறையில் பணியாற்றிய எனக்கு இது விளங்கவில்லை.
– ஓய்வுபெற்ற ஊழியர், கோத்தகிரி

கிரைஃபோனெக்ட்ரியா பாராசிட்டிகா என்ற அந்தப் பூஞ்சை, ஆசியாவிலிருந்து நாற்றுகளோடு வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜப்பானியச் செஸ்நட் நாற்றுகளை அமெரிக்க நாற்றங்கால்கள் பெருமளவில் வரவழைத்தன. பூஞ்சையோடு நெடுங்காலம் வாழ்ந்து பழகிய அந்த ஆசிய மரங்களுக்கு அதனால் பெரிய பாதிப்பில்லை. 1904-இல் நியூயார்க் நகரின் பிராங்ஸ் விலங்கியல் பூங்காவில் நின்ற செஸ்நட் மரங்கள் பட்டுப்போவதை ஹெர்மன் மெர்க்கல் என்ற பூங்கா அலுவலர் முதன்முதலில் கண்டறிந்தார். அதன் பிறகு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குள் மெய்ன் மாநிலம் முதல் ஜார்ஜியா வரையிலான செஸ்நட் காடுகள் முழுவதும் வீழ்ந்தன.

பட்டையில் ஒரு சிறு கீறலோ பிளவோ கிடைத்தால் போதும், காற்றிலும் மழைநீரிலும் பறவைகளின் கால்களிலும் வந்து சேரும் பூஞ்சை வித்து உள்ளே முளைக்கிறது. பட்டையை உரித்துப் பார்த்தால் வெளிர் மஞ்சள் நிறத்தில் விசிறி விசிறியாகப் பூஞ்சை இழைகள் படர்ந்திருப்பதைக் காணலாம். வெளிப்புறத்தில் பட்டை உப்பியோ குழிந்தோ வெடித்திருக்கும். அதன்மேல் குண்டூசித் தலையளவில் செம்மஞ்சள் புள்ளிகள் நெருக்கமாகக் கிளம்பியிருக்கும். இந்தப் பூஞ்சை சுரக்கும் ஆக்சாலிக் அமிலம் பட்டைக்கும் கட்டைக்கும் நடுவிலுள்ள உயிர்த்திசுவைக் கொல்கிறது. புண் தண்டைச் சுற்றி வளைத்துவிட்டால் அதற்கு மேலுள்ள பகுதி முழுவதும் பட்டுவிடும். கருகிய இலைகள் உதிராமல் குளிர்காலத்திலும் கிளையில் தொங்கிக்கொண்டிருக்கும்.

வேர் தப்புவதற்குக் காரணம் மண். மண்ணில் வாழும் பிற நுண்ணுயிர்கள் இந்தப் பூஞ்சையை வளரவிடுவதில்லை. புண்பட்ட தண்டின்மீது ஈர மண்ணைக் குழைத்துப் பூசிப் பல வாரங்கள் கட்டி வைத்தால் அந்தப் புண் ஆறுகிறது என்பதைச் செஸ்நட் ஆர்வலர்கள் செய்து பார்த்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் புண்ணுக்குத்தான் அது மருந்து. அடுத்த புண் வேறு கிளையில் வரும். காடு முழுவதற்கும் மண் பூச யாராலும் முடியாது.

இங்கே ஒரு வரலாற்றுத் தவற்றையும் சொல்லத்தான் வேண்டும். நோய் வருகிறது என்ற செய்தி முந்திக்கொண்டதால், எப்படியும் சாகப்போகும் மரம்தானே என்று நல்ல நிலையில் நின்ற செஸ்நட் மரங்களையும் ஏராளமாக வெட்டி விற்றார்கள். கறையானும் ஈரமும் எளிதில் அரிக்காத கட்டை என்பதால் ரயில் தண்டவாளக் கட்டைகளுக்கும் தந்திக் கம்பங்களுக்கும் வேலிக்கால்களுக்கும் அதற்குப் பெரும் கிராக்கி இருந்தது. அவ்வாறு வெட்டப்பட்டவற்றில் இயற்கையாகவே ஓரளவு எதிர்ப்புத் திறன் பெற்ற மரங்களும் இருந்திருக்கக்கூடும். அந்த மரங்களின் வித்து நமக்குக் கிடைக்காமலே போய்விட்டது என்பதை நினைக்கும்போது மனம் பொறுக்கவில்லை.

நான் வசிக்கும் இடத்தில் குளிர்காலத்தில் செஸ்நட் வறுத்து விற்கிறார்கள். அது இந்த மரத்தின் கொட்டைதானா?
– தமிழ் வாசகர், நியூ ஜெர்சி

பெரும்பாலும் இல்லை. கடைகளில் கிடைப்பவை இத்தாலி போன்ற ஐரோப்பிய நாடுகளிலிருந்தும் சீனாவிலிருந்தும் வருபவை, அல்லது அமெரிக்காவிலேயே வளர்க்கப்படும் ஆசிய, ஐரோப்பிய வகைகளும் அவற்றின் கலப்புகளும் ஆகும். அமெரிக்கச் செஸ்நட்டின் கொட்டை அவற்றை விடச் சிறியது, இனிப்பு மிகுந்தது. முள்ளால் மூடிய காய் நான்காகப் பிளந்து விரியும்போது, வெல்வெட் போன்ற உட்புறத்தில் பெரும்பாலும் மூன்று கொட்டைகள் ஒட்டியிருக்கும். நடுவிலுள்ளது இருபுறமும் தட்டையாக இருக்கும். கருவாலி (ஓக்) மரங்கள் ஓராண்டு காய்த்து மறு ஆண்டு பொய்க்கும் இயல்புடையவை. செஸ்நட்டோ, பின்பனியெல்லாம் ஓய்ந்த பிறகு ஜூன், ஜூலையில் பூப்பதால் ஆண்டு தவறாமல் காய்த்தது. கரடி, மான், காட்டு வான்கோழி, அணில் எல்லாம் அதை நம்பியிருந்தன. மலைவாழ் குடும்பங்கள் பன்றிகளைக் காட்டில் மேயவிட்டுக் கொழுக்க வைத்ததும், கொட்டைகளை மூட்டை கட்டி நகரத்துக்கு அனுப்பிச் செலவுக்குப் பணம் பார்த்ததும் இம்மரத்தால்தான்.

சடலத்தைப் புதைக்கும் வண்டு என்றதும் என் மாணவர்கள் முகம் சுளித்தார்கள். அதன் வாழ்க்கையைப் பற்றி அவர்களுக்கு ஆர்வமூட்டும்படி ஏதாவது சொல்ல முடியுமா?
– பள்ளி ஆசிரியர், தென்காசி

தாராளமாக. முதலில் தோற்றத்தைச் சொல்லுங்கள். வட அமெரிக்காவில் பிணம் தின்னும் வண்டுகளிலேயே பெரியது இதுதான். 25 முதல் 35 மில்லிமீட்டர் நீளம், சில அதற்கும் மேல். பளபளக்கும் கறுப்பு முன்சிறகுகளில் நான்கு செம்மஞ்சள் திட்டுகள். தலைக்குப் பின்னாலுள்ள கேடயம் போன்ற பகுதியும் செம்மஞ்சள். அதன் நெருங்கிய உறவினங்களில் அந்தப் பகுதி கறுப்பாகவே இருக்கும் என்பதால் இதைக் கண்டதும் அடையாளம் கண்டுவிடலாம். ஆணையும் பெண்ணையும் பிரித்தறிய முகத்தைப் பார்த்தாலே போதும். வாய்க்கு மேலே ஆணுக்குச் செவ்வக வடிவில் ஒரு செம்மஞ்சள் குறி இருக்கும். பெண்ணுக்கு அது சிறியதாக, முக்கோணமாக இருக்கும்.

இனி இரவில் நடப்பதைச் சொல்லுங்கள். காடையளவுள்ள ஒரு பறவை செத்துக் கிடந்தால், அதன் மணத்தை உணர்கொம்புகளால் நெடுந்தொலைவிலிருந்தே அறிந்து வண்டுகள் பறந்து வருகின்றன. ஆண் ஆணோடும் பெண் பெண்ணோடும் சண்டையிட்டு, பொதுவாக உடல் பெரிய இணையொன்று வெல்கிறது. மண் இறுகிய இடமாக இருந்தால், வண்டுகள் சடலத்துக்கு அடியில் மல்லாந்து படுத்துக் கால்களால் தள்ளித் தள்ளி அதை இளகிய மண்ணுக்கு நகர்த்துகின்றன. பிறகு அடியிலிருக்கும் மண்ணைத் தோண்டித் தள்ளத் தள்ள, வண்டைப்போல் பலமடங்கு எடையுள்ள சடலம் மெல்ல உள்ளே இறங்கி, விடிவதற்குள் நிலத்துக்கு மேல் எதுவும் தெரியாமல் போய்விடுகிறது. மண்ணுக்குள்ளே இறகுகளையும் மயிரையும் உரித்துவிட்டு இறைச்சியை உருண்டையாக்கி, வாயிலிருந்தும் உடலின் பின்முனையிலிருந்தும் சுரக்கும் நீரை அதன்மேல் பூசுகின்றன. அழுகலை உண்டாக்கும் நுண்ணுயிர்களையும் பூஞ்சையையும் அந்தச் சுரப்பு அடக்கி வைக்கிறது.

முட்டைகளிலிருந்து சில நாட்களில் வெளிவரும் புழுக்கள் இறைச்சி உருண்டைக்கு வந்து சேர்கின்றன. அங்கே தாயும் தந்தையும் காத்திருக்கின்றன. கூட்டிலுள்ள பறவைக் குஞ்சுகளைப் போலப் புழுக்கள் தலையை நிமிர்த்தி வாயைத் தொட்டுக் கேட்க, பெற்றோர் தாம் தின்று செரித்த இறைச்சியைக் கக்கி ஊட்டுகின்றன. பூச்சியினங்களில் தாய் மட்டும் குஞ்சுகளைக் காப்பதே அரிது. தாயும் தந்தையும் சேர்ந்து வளர்ப்பது அரிதிலும் அரிது. இன்னொரு துணையும் உண்டு: வண்டின் உடலில் தொற்றிக்கொண்டு வரும் செந்நிறச் சிற்றுண்ணிகள் சடலத்தில் இறங்கி, ஈக்கள் இட்டிருக்கும் முட்டைகளைத் தின்றுவிடுகின்றன. வண்டுக்குப் போட்டி குறைகிறது; உண்ணிக்கு இலவசப் பயணம்.

ரோட் ஐலண்ட் மாநிலத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இந்த வண்டுக்காக வாதாடி, 2015-இல் அதையே அம்மாநிலத்தின் அதிகாரப்பூர்வப் பூச்சியாக அறிவிக்கச் செய்தார்கள் என்பதையும் உங்கள் மாணவர்களுக்குச் சொல்லுங்கள்.

மரத்தைக் கொன்றது பூஞ்சை என்று தெளிவாகச் சொல்கிறீர்கள். வண்டைக் கொன்றது எது? பூச்சிக்கொல்லியா? இரண்டு அழிவுகளுக்கும் தொடர்பு உண்டா?
– வாசகர், யாழ்ப்பாணம்

ஒப்பீட்டில் மிக முக்கியமான வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. மரத்தின் வீழ்ச்சிக்கு ஒரு பெயர், ஒரு வழி, ஓரிடத்தில் தொடங்கிய தேதி எல்லாம் உண்டு. வண்டுக்கு அப்படி ஒரு குற்றவாளி இல்லை.

ஒரு காலத்தில் அமெரிக்காவின் 35 மாநிலங்களிலும் கனடாவின் தென்பகுதியிலும் பரவியிருந்த இந்த வண்டு, 1989-இல் அமெரிக்க மைய அரசின் அழியும் உயிரினங்கள் பட்டியலில் சேர்க்கப்பட்டபோது, ரோட் ஐலண்டைச் சேர்ந்த பிளாக் தீவிலும் ஓக்லஹோமாவின் கிழக்குப் பகுதியிலும் மட்டுமே இருப்பதாகத் தெரிந்தது. டி.டி.டி. போன்ற பூச்சிக்கொல்லிகளின்மேல் சந்தேகம் எழுவது இயல்பு. ஆனால் கிழக்கு மாநிலங்களில் பெரும்பகுதியிலிருந்து வண்டு மறைந்தது 1920-களுக்குள்; டி.டி.டி. வயலுக்கு வந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு. ஆகவே அதைத் தொடக்கக் காரணமாகக் கொள்ள முடியாது.

இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கும் விளக்கம், ஏற்ற அளவிலான சடலங்கள் குறைந்துபோயின என்பதாகும். புதைக்கும் வண்டுகளில் சிறிய இனங்கள் சுண்டெலி அளவிலான சடலத்திலேயே குடும்பம் நடத்திவிடும். இந்தப் பெரிய வண்டுக்கோ எண்பது கிராமிலிருந்து இருநூறு கிராம் வரை எடையுள்ள சடலம் வேண்டும். காடையும் புல்வெளிக் கோழியின் குஞ்சுகளும் புறாக்குஞ்சுகளும் அந்த அளவினவை. அவை வேட்டையாலும் வாழிட அழிவாலும் குறைந்தன. அதே காலத்தில் ஓநாய் போன்ற பெரிய வேட்டை விலங்குகள் ஒழிக்கப்பட்டதாலும், காடும் புல்வெளியும் துண்டு துண்டாக உடைந்து ஓரங்கள் பெருகியதாலும், ரக்கூன், ஸ்கங்க், ஒபோசம் போன்ற நடுத்தர விலங்குகள் பெருகின. அவை இரவில் மோப்பம் பிடித்துத் திரிந்து, வண்டு வந்து சேர்வதற்குள் சடலத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுகின்றன. ஏறத்தாழ 25 சதுர கிலோமீட்டர் மட்டுமே உள்ள பிளாக் தீவில் வண்டு பிழைத்திருப்பதே இதற்குத் துணைச் சான்று: அங்கே அத்தகைய பாலூட்டிகள் இல்லை, மனிதர் கொண்டுவந்து விட்ட ஃபெசன்ட் பறவைகளின் குஞ்சுகள் ஏராளம்.

இரண்டு அழிவுகளுக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி என்னையும் நீண்ட நாள் ஈர்த்தது. கோடிக்கணக்கில் திரிந்த பயணப்புறா என்ற பறவை செஸ்நட், கருவாலி, பீச் ஆகிய மரங்களின் கொட்டைகளைத் தின்று வாழ்ந்தது. கூட்டம் கூட்டமாக முட்டையிட்ட இடங்களில் குஞ்சுகள் ஏராளமாக விழுந்து செத்தன. அந்தக் குஞ்சுகள் வண்டுக்கு உணவாகியிருக்கும் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். ஆனால் புறா அழிந்தது துப்பாக்கியாலும் வலையாலும். கடைசிப் புறா சின்சினாட்டி விலங்கியல் பூங்காவில் 1914 செப்டம்பர் 1 அன்று இறந்தபோது, செஸ்நட் நோய் தொடங்கிப் பத்தாண்டுதான் ஆகியிருந்தது. புறாவே இல்லாத புல்வெளிகளிலும் வண்டு வாழ்ந்தது, இன்றும் வாழ்கிறது. எனவே மரம் சாய்ந்ததால் வண்டு செத்தது என்று சொல்வது கதைக்கு அழகாக இருக்கலாமே தவிர, சான்றுகள் அதைத் தாங்கவில்லை. மரத்தோடு உண்மையாகவே மறைந்தவை, அதன் இலையையும் பட்டையையும் மட்டுமே நம்பியிருந்த சில அந்துப்பூச்சி இனங்கள். அவை அற்றுப்போய்விட்டதாகவே கருதப்படுகிறது. அவற்றுக்காக யாரும் ஒரு வரி இரங்கல்கூட எழுதியதில்லை.

அமெரிக்கச் சட்டத்தில் வண்டுக்குப் பாதுகாப்பு உண்டு, மரத்துக்கு இல்லை என்பது உண்மையா?
– வழக்கறிஞர், சேலம்

உண்மைதான். செஸ்நட் மரம் அமெரிக்க மைய அரசின் பட்டியலில் இல்லை. கனடாவில் அது அழியும் இனமாகப் பட்டியலிடப்பட்டிருக்கிறது. சட்டத்தால் வெட்டுவதைத் தடுக்கலாம், நிலத்தைத் தோண்டுவதைத் தடுக்கலாம், காற்றில் வரும் பூஞ்சை வித்தைத் தடுக்க முடியாது என்பதால், பட்டியலில் சேர்த்தால் மரத்துக்கு என்ன பயன் என்ற கேள்வி எழுவதில் பொருளிருக்கிறது. வண்டின் நிலைமை நேர்மாறானது. எண்ணெய்க் குழாய் பதிக்கவும் சாலை போடவும் நிலத்தைக் கிளறும் ஒவ்வொரு முறையும் மண்ணுக்குள் இருக்கும் வண்டையும் புழுவையும் கணக்கில் எடுத்தாக வேண்டியிருந்தது. ஓக்லஹோமா, கேன்சஸ், நெப்ராஸ்கா ஆகிய இடங்களில் புதிய இருப்பிடங்கள் கண்டறியப்பட்ட பின், பட்டியலிலிருந்தே நீக்க வேண்டும் என்று பெட்ரோலியத் தொழில் அமைப்புகள் கோரின. 2020-இல் அரசு அதை முற்றிலும் நீக்காமல், ‘அழியும் நிலை’யிலிருந்து ‘அச்சுறுத்தலுக்குள்ளான நிலை’க்கு ஒரு படி இறக்கியது. அதே முடிவில், தெற்குச் சமவெளி வண்டுகள் வெப்பம் உயர்வதால் இந்த நூற்றாண்டின் நடுப்பகுதிவாக்கில் இல்லாமற்போகக்கூடும் என்றும் ஒப்புக்கொண்டது. எதிர்காலம் இருண்டிருக்கிறது என்று சொல்லிக்கொண்டே பாதுகாப்பைத் தளர்த்தியது சரியன்று என்பது என் கருத்து.

மரபணு மாற்றத்தால் செஸ்நட்டை மீட்டுவிட்டதாகச் சில ஆண்டுகளுக்கு முன் படித்தேன். இப்போது என்ன நிலை? வண்டுக்கும் அப்படி ஏதாவது செய்ய முடியுமா?
– வேளாண் மாணவர், கோயம்புத்தூர்

மீட்டுவிட்டதாகச் சொன்னது அவசரம். இதுவரை மூன்று வழிகள் முயலப்பட்டிருக்கின்றன.

பூஞ்சையையே நோய்க்குள்ளாக்கும் ஒரு வைரஸைப் பரப்புவது முதல் வழி. ஐரோப்பியச் செஸ்நட்டை இதே பூஞ்சை தாக்கியபோது, இத்தாலியில் சில மரங்களின் புண்கள் தாமாக ஆறுவதைக் கண்டார்கள். பூஞ்சைக்குள் புகுந்த வைரஸ் அதன் வீரியத்தைக் குறைத்திருந்தது. அமெரிக்காவில் இது பெரிதாகப் பலிக்கவில்லை. அங்கே ஒன்றோடொன்று இணையாத பூஞ்சை வகைகள் மிகுதி என்பதால், வைரஸ் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதில்லை.

இரண்டாவது, சீனச் செஸ்நட்டோடு கலந்து, பிறகு தலைமுறை தலைமுறையாக அமெரிக்க மரத்தோடே மறுகலப்புச் செய்வது. 1983-இல் தொடங்கப்பட்ட அமெரிக்கச் செஸ்நட் அறக்கட்டளை, சார்லஸ் பர்ன்ஹம் என்ற மரபியலறிஞரின் திட்டப்படி வர்ஜீனியா மாநிலத்தின் மெடோவியூவில் இதைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறது. எதிர்ப்புத் திறன் இரண்டு மூன்று மரபணுக்களில் அடங்கியிருக்கும் என்று நம்பித் தொடங்கினார்கள். மரபணுத்தொகுதி ஆய்வுகள் வந்தபோது, அது பல மரபணுக்களில் சிதறிக் கிடப்பது தெரிந்தது. ஆகவே தோற்றத்தில் அமெரிக்கச் செஸ்நட்டை ஒத்திருக்கும் மரங்களில் எதிர்ப்பு குறைந்தும், எதிர்ப்பு மிகுந்தவற்றில் சீன மரத்தின் குணங்கள் கூடியும் போயின.

மூன்றாவது நீங்கள் படித்தது. நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல், வனவியல் கல்லூரியில் வில்லியம் பவல், சார்லஸ் மேனார்ட் ஆகியோர், கோதுமையில் இயல்பாக உள்ள ஒரு மரபணுவைச் செஸ்நட்டில் சேர்த்தார்கள். அந்த மரபணு உருவாக்கும் நொதி, பூஞ்சை சுரக்கும் ஆக்சாலிக் அமிலத்தைச் சிதைத்துவிடும். பூஞ்சையைக் கொல்லாமல் அதன் ஆயுதத்தை மட்டும் மழுங்கச் செய்யும் இந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. டார்லிங் 58 என்று பெயரிடப்பட்ட இவ்வகைக்கு 2020-இல் அரசிடம் அனுமதி கோரப்பட்டது. ஆனால், பல ஆண்டுகளாகச் சோதிக்கப்பட்ட மரங்கள் உண்மையில் டார்லிங் 54 என்ற வேறொரு மரபுவழியைச் சேர்ந்தவை என்பது பின்னர் தெரியவந்தது. அவற்றில் அந்த மரபணு வேறோர் இடத்தில் செருகியிருந்தது. வளர்ச்சியும் எதிர்ப்பும் எதிர்பார்த்தபடி இல்லை என்று கூறி, 2023 டிசம்பரில் அறக்கட்டளை தன் ஆதரவை விலக்கிக்கொண்டது. கல்லூரி ஆய்வைத் தொடர்ந்தது. பவல் அதற்கு முந்தைய மாதம்தான் காலமாகியிருந்தார்.

வண்டுக்கு மரபணு மருத்துவம் எதுவும் தேவையில்லை, ஏனெனில் அதன் உடலில் எந்தக் குறையும் இல்லை. பிராவிடன்ஸ் நகரின் ரோஜர் வில்லியம்ஸ் பூங்கா விலங்குக் காட்சிசாலையிலும் செயின்ட் லூயிஸ் விலங்கியல் பூங்காவிலும் அதை எளிதாகவே பெருக்குகிறார்கள். காட்டில் விடும் முறையும் எளியது: நிலத்தில் குழி தோண்டி, ஒரு காடையின் சடலத்தையும் ஓர் ஆண், ஒரு பெண் வண்டையும் உள்ளே வைத்து மண்ணால் மூடுகிறார்கள், இரண்டு வாரம் கழித்துத் திறந்து புழுக்களை எண்ணுகிறார்கள். 1990-களில் நான்டக்கெட் தீவிலும், 2012 முதல் மிசூரியின் புல்வெளியிலும் இவ்வாறு விட்டார்கள். பிறப்பித்து விடுவதில் அன்று, அடுத்தடுத்த கோடைகளில் அவை தாமே சடலம் தேடிக்கொள்ள முடியுமா என்பதில்தான் சிக்கல். நான்டக்கெட்டில் மனிதர் காடை கொடுப்பதைக் குறைத்ததும் வண்டுகளின் எண்ணிக்கையும் சரிந்தது.

ஒரே ஒரு தொகை இருக்கிறது, ஓர் இனத்துக்குத்தான் தர முடியும் என்றால் எதற்குத் தருவீர்கள்?
– வாசகி, மதுரை

வண்டுக்குத் தருவேன். மரத்தின்மேல் எனக்குப் பற்று குறைவு என்பதால் அன்று. செஸ்நட்டுக்காகப் பழத்தோட்டம் போல மரம் வளர்க்கவும் கலப்புச் செய்யவும் ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் இருக்கிறார்கள்; பாட்டன் காலத்து நினைவும் கொட்டையின் சுவையும் கட்டையின் விலையும் அந்த மரத்துக்காகப் பேசுகின்றன. வேர்கள் என்றென்றைக்கும் காத்திருக்கமாட்டா. மேலே பிற மரங்கள் நிழல் மூடி, துளிர்களை மான் கடித்துத் தின்னும்போது ஒவ்வோராண்டும் சில வேர்கள் செத்துக்கொண்டுதான் இருக்கும். ஆனாலும் சரியான எதிர்ப்பு மரம் உருவாகும்வரை இன்னும் சில பத்தாண்டுகளுக்கு அவற்றின் மரபுச் செல்வம் காட்டிலேயே இருக்கும், தோட்டங்களிலும் சேமிக்கப்பட்டு வருகிறது.

வண்டுக்குச் சில பத்தாண்டு அவகாசம் இல்லை. அதற்குத் தேவையானது ஆய்வுக்கூடமும் அன்று. நெப்ராஸ்காவின் லோயஸ் பள்ளத்தாக்குகளில், புல்வெளியை மூடி வளர்ந்த செஞ்சீடர் மரங்களை மாட்டுப் பண்ணையாளர்கள் ஒன்றுகூடித் திட்டமிட்டு எரித்து அகற்றிவருகிறார்கள். அவர்கள் செய்வது தங்கள் மாடுகளின் மேய்ச்சலுக்காகத்தான். ஆயினும் புல்வெளி மீண்ட இடங்களில் வண்டுகளும் பெருகியிருப்பதைக் கணக்கெடுப்புகள் காட்டியுள்ளன. தெற்கே வெப்பத்தால் வண்டு இழக்கப்போகும் நிலத்துக்கு ஈடாக வடக்கில் மிஞ்சக்கூடியவை இத்தகைய பெரும் புல்வெளிகள் மட்டுமே. அந்த எரிப்பு வேலைக்கு ஆட்கூலியும் தீத்தடுப்புக் கருவிகளும் ஒவ்வோராண்டும் வேண்டியிருக்கின்றன. என் கையிலிருக்கும் தொகை அங்கே போகட்டும்.